சொல்லாமல் வைத்த இரண்டு மூட்டை

லம்ஜெத் அந்தக் காரியத்தைத் தங்கை மேல் இருந்த பாசத்தில்தான் செய்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் பாதிக் கதையிலேயே அவனை வைய ஆரம்பித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகப் படகுக் கொட்டகைக்குள் நுழைந்தான். ரவை வந்த இரண்டு பழைய சாக்குகளில் ஈரமணலை நிரப்பினான். தங்கை வஹீபா தனியாக ஓட்டப்போகிற சின்னப் படகின் மூக்குப் பக்கத்தில், மேல்தட்டுக்கு அடியில், இரண்டையும் திணித்தான். பிறகு பால் குடித்த பூனை மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மஹ்தியாத் துறையில் முப்பது வருஷமாக மத்தி பிடிக்கிறவன் அவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மீனை இறக்கிவிட்டு வெறும் படகோடு திரும்பும்போது, திடீரென்று காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகின் முதுகில் விடிய விடியத் தொங்கிக்கொண்டு கிடந்தான். அன்றிலிருந்து அடியில் கனம் இல்லாத எந்தப் படகையும் அவன் நம்புவதில்லை. இந்தச் சின்னப் படகோ, கால் வராதவர்களும் கை வராதவர்களும் ஓட்டுவதற்கென்றே செய்தது. ஓர் ஆள் தாழ உட்கார்ந்தால் நிறைந்துபோகும். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு குச்சி இருக்கும். அதை ஆட்டினால் திரும்பும். கப்பல்காரன் எவனாவது இதைப் படகு என்பானா? தொட்டில் என்பான்.

வஹீபாவுக்கு நாற்பத்தோரு வயது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஸூஸ் ஊருக்குப் போகும் சாலையில் அவள் போன வேன் உருண்டது. அன்றோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. குரல் மட்டும் போகவில்லை. வேன் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் மைக் பிடித்து உட்கார்ந்தாள் என்றால், "ஸூஸ், ஸூஸ், ரெண்டே சீட்டு!" என்று அவள் போடுகிற சத்தம் கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்கும். காலையில் அவளைத் தூக்கி நாற்காலியில் வைப்பது லம்ஜெத். நாற்காலியைத் தள்ளிப்போவது லம்ஜெத். மருந்துக்கடைக்காரன் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று லம்ஜெத்தைத்தான் கேட்பான், அவனும் சொல்வான். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம் சாப்பாட்டின் நடுவில் அவள் திடீரென்று சொன்னாள்.

"அண்ணே, எட்டு வருஷத்துல நான் ஒரு மணி நேரம்கூட தனியா இருந்ததில்ல தெரியுமா?"

"நாங்க எல்லாம் இருக்கும்போது நீ எதுக்கு தனியா இருக்கணும்?"

"அதத்தான் சொல்றேன்" என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹரிஸ்ஸா மிளகாய் விழுதைத் தொட்டு இன்னொரு துண்டு ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டான்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இவ்வளவு பாடும். இப்படிப்பட்டவர்களுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுக்கும் குழுவை நடத்துகிற சீஹம் டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக இருந்தவள். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். அவளுடைய சட்டம் கொட்டகைக் கதவில் நீலப் பெயின்டில் எழுதியிருக்கும்: 'சொல்லாமல் தொடாதே. படகையும், ஆளையும்.' தனியாகக் கடலுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் பாகம் பாகமாக வாயால் சொல்லியே படகைப் பூட்டி முடிக்க வேண்டும். உதவிக்கு நிற்கிறவன் அவர்கள் சொன்னால் மட்டும் கையை அசைப்பான். மறந்தால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். டீச்சர் வேறு ஒவ்வொரு தடவையும் எதையாவது ஒன்றைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள். கண்டுபிடிக்காவிட்டால் படகு திரும்பக் கொட்டகைக்குப் போகும். வஹீபா இரண்டு தடவை தோற்றாயிற்று. ஒரு தடவை சுக்கான் ஆணி, ஒரு தடவை மார்ப்பட்டை. இது மூன்றாவது தடவை. செவ்வாய்க்கிழமை படகுகளை லாரியில் ஏற்றி பிஸெர்த் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், இனி மே மாதம்தான் வரும்.

வழக்கமாக உதவிக்கு வருகிற பையன் அக்காள் கல்யாணத்துக்குப் போய்விட்டான். வேறு வழியில்லாமல் டீச்சர் லம்ஜெத்தைச் சேர்த்துக்கொண்டாள்.

"சொந்தக்காரன் கை சும்மா இருக்காது. அதான் எனக்கு யோசனை" என்று முதல்நாளே முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"சொன்னா மட்டும் செய்வேன் டீச்சர். அல்லா மேல ஆணை."

அப்படி ஆணையிட்டவன்தான் மறுநாள் விடியற்காலையில் மூட்டை சுமந்தான். ஆணையிட்டது இன்று நடக்கும் சோதனைக்குத்தான், அதற்கு முந்திச் செய்வது கணக்கில் வராது என்று தனக்குத்தானே பத்வா கொடுத்துக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு வேலை ஆரம்பித்தது. டீச்சர் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். காதோரம் மல்லிகைச் செண்டு. வஹீபா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

"தக்கை!"

லம்ஜெத் படகின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். தண்ணீர் வடிகிற ஓட்டை 'ஆ'வென்று திறந்து கிடந்தது. காலையில் மூட்டை திணித்த அவசரத்தில் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"இல்லம்மா! ஓட்டையா இருக்கு!"

வஹீபா சிரித்தாள். "டீச்சர் பையில பாரு."

டீச்சர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பையிலிருந்து தக்கையை எடுத்து நீட்டினாள். வஹீபா தொடர்ந்தாள். "திருகு அண்ணே. போதும் போதும், கழுத்த நெரிக்காத. அடுத்தது, உள்ள தண்ணி நிக்குதா?"

"இல்ல" என்றான் லம்ஜெத். பொய் இல்லை. தண்ணீர் இல்லைதானே?

"பாய்மரம். தூக்கறதுக்கு முன்னாடி மேல பாரு. கரண்ட் கம்பி இருக்கா?"

"இந்தக் கொட்டகைக்கு வெளிய கம்பியே கிடையாதே."

"பாக்கச் சொன்னா பாரு. வாயாடாத."

பார்த்தான். இல்லை. பாய் சுற்றியிருந்த மரத்தைத் தூக்கிக் குழியில் இறக்கினான். அது எகிறி வராமல் பிடிக்கிற சின்னக் கயிற்றைக் கட்டச் சொன்னாள், கட்டினான். ஒரு கயிற்றை இழுத்தால் பாய் மரத்தோடு சுருண்டுகொள்ளும், இன்னொன்றை இழுத்தால் விரியும். அதை மூன்று தடவை சுருட்டி விரித்துக் காட்டச் சொன்னாள். காற்று மிஞ்சினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாயைச் சிறிதாக்க அவளுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். அடுத்து பாயின் கயிறு. அவன் கை பழக்கத்தில் அதன் நுனியில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டது.

"நான் சொன்னேனா?"

"இல்ல... கை தானா..."

"கைய மடக்கி வை. நான் சொல்றேன். இப்ப நுனியில முடிச்சுப் போடு, கயிறு உருவிட்டுப் போகாம இருக்கணும்."

"அதத்தானே போட்டேன்!"

"சொல்றதுக்கு முன்னாடி போட்ட" என்றாள் வஹீபா. டீச்சர் மீன்பெட்டியில் இருந்தபடியே தலையை ஆட்டினாள். லம்ஜெத்துக்குக் காது சிவந்தது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்த அவன் கூட்டாளிகள் வேறு விடாமல் கத்தினார்கள்.

"என்ன லம்ஜெத்து, தொட்டிலுக்குப் பாய் கட்டுறியா? தாலாட்டு நாங்க பாடவா?"

"உங்க பாட்டக் கேட்டா இருக்கற மீனும் ஓடிரும்டா!" என்று பதில் கொடுத்தது வஹீபா. கடை முழுக்கச் சிரிப்பு.

சுக்கான், அதன் ஆணி, ஆணியைப் பிடிக்கும் கொக்கி. குச்சியை இடமும் வலமும் ஆட்டச் சொல்லி, பின்னால் சுக்கான் கூடவே திரும்புகிறதா என்று பார்த்தாள். துணி இருக்கையின் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கச் சொன்னாள். துடுப்பு, விசில், தண்ணீர் பாட்டில், தோளில் மாட்டும் சின்ன வயர்லெஸ். ஒன்றும் விடவில்லை. இப்படி ஒரு தளபதி நம் வீட்டிலேயே இருந்திருக்கிறாள், எட்டு வருஷமாக அவளுக்குத் தண்ணீர் டம்ளரைக்கூட நாமே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோமே என்று லம்ஜெத்துக்கு வியப்பாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் இரண்டு மூட்டை உறுத்திக்கொண்டு கிடந்தது.

"சரி. தண்ணிக்குத் தள்ளு."

கொட்டகைக்கும் துறைமேடைக்கும் நடுவே இருபது தப்படி மணல். படகு தள்ளுவண்டியில் முன்னே போயிற்று. பலகை போட்ட பாதையில் வஹீபா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு பின்னே வந்தாள். பாதி வழியில் சத்தம் வந்தது.

"நில்லு!"

நின்றான். அவள் படகைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியின் சக்கரம் உழுதுகொண்டு வந்த தடம். பக்கத்தில் நேற்று இதே படகைக் கொண்டுவந்த தடம் இன்னும் கலையாமல் இருந்தது.

"நேத்து ரெண்டு விரல் ஆழம். இன்னிக்கு நாலு விரல் அழுந்தியிருக்கு" என்றாள். "மணல் அதேதான். படகும் அதேதான். உள்ள என்ன இருக்கு?"

சக்கரம் மணலில் எவ்வளவு அழுந்தும் என்பது நடக்கிறவர்களுக்குத் தெரியாது. எட்டு வருஷம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்தவளுக்குத் தெரியும். லம்ஜெத் திருதிருவென்று முழித்தான்.

வஹீபாவின் முகம் மலர்ந்தது. "டீச்சர்! இன்னிக்கு ரெண்டு திருட்டா? தக்கை ஒண்ணு, இது ஒண்ணு. எதுக்கும் மசிய மாட்டேன், பாத்துக்குங்க. அண்ணே, மூக்குத் தட்டுக்கு அடியில கைய விடு. என்ன இருக்கோ அதச் சத்தமா சொல்லு."

டீச்சர் மீன்பெட்டியை விட்டு எழுந்து வந்தாள். "நான் எடுத்தது தக்கை மட்டும்தான். வேற ஒண்ணும் நான் செய்யல."

டீக்கடையில் சத்தம் அடங்கிவிட்டது. லம்ஜெத் கையை விட்டு ஒவ்வொன்றாக மூட்டையை இழுத்து மணலில் போட்டான். ஈரம் கசிந்து சாக்கு கருத்திருந்தது.

"மணல்" என்றான். "ரெண்டு மூட்டை. நான்தான் வச்சேன்."

"எதுக்கு?"

"அடியில கனம் இல்லாத படகு உருண்டுரும்மா. நான் பாத்திருக்கேன். உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் படகுல மூட்டைய எப்படி வைப்ப?"

"கட்டைக்கு நடுவுல... அசையாம கட்டி..."

"இங்க கட்டினியா?"

அவன் குனிந்து சாக்கில் ஒட்டிய மணலைத் தட்டினான்.

"காத்துல படகு சாயும்போது இது என்ன செய்யும்?"

அது என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் தெரியும். சாய்ந்த பக்கமே உருண்டு போய் உட்காரும். தண்ணீர் புகுந்தாலும் மிதக்கிற மாதிரி நுரைக்கட்டை வைத்துச் செய்த படகை, மூக்கைப் பிடித்துக் கீழே இழுக்கும். பட்டை மாட்டி உள்ளே உட்கார்ந்திருப்பது யார்? அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். யா அல்லா, என் கையாலேயே!

டீச்சர் பெருமூச்சு விட்டாள். "சொல்லாம ஒரு கை உள்ள பூந்துட்டா அன்னிக்குப் படகு தண்ணிக்குப் போகாது. அதான் சட்டம். வஹீபா, வருத்தமாத்தான் இருக்கு. கொட்டகைக்குத் திருப்பச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஊரே கேட்கக் கத்துகிறவள் அவ்வளவு மெதுவாகப் பேசி லம்ஜெத் கேட்டதே இல்லை.

"டீச்சர், இந்தச் சோதனை எதுக்கு? நான் சொல்லாம படகுக்குள்ள வந்தத நான் கண்டுபிடிக்கணும், அதுக்குத்தானே? கண்டுபிடிச்சேனா இல்லையா? நீங்க ஒளிச்சத மட்டுமில்ல, நீங்களே பாக்காததயும் கண்டுபிடிச்சேன். தப்பு செஞ்சது அவன். வீட்டுக்குப் போறது நானா? எட்டு வருஷமா இதே கதைதான் டீச்சர். அவனுக்குப் பயமா இருந்தா நான் வீட்டுல இருக்கணும். அவனுக்குப் பாசம் வந்தா நான் அசையக் கூடாது."

ஒவ்வொரு சொல்லும் லம்ஜெத்தின் மேல் விழுந்தது. டீச்சர் விசிலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். கடைசியில் மீன்பெட்டியைத் துறைமேடைக்கு இழுத்துப்போய் அங்கே உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு. தக்கையிலேர்ந்து. எல்லாத்தையும்."

"சொல்றேன்."

"கைக்கு வேற ஆளக் கூப்பிடவா? கடையில நாலு தடியன் சும்மா உக்காந்திருக்கான்."

வஹீபா அண்ணனைப் பார்த்தாள். மூக்கு நுனி சிவந்து, மணலில் உட்கார்ந்திருந்தான்.

"வேண்டாம். இவனே இருக்கட்டும். எந்திரி அண்ணே. கைய அலம்பு. தக்கை!"

இரண்டாம் தடவை முழுவதையும் முடித்தார்கள். லம்ஜெத்தின் கை இந்தத் தடவை தானாக அசையவில்லை. படகு தண்ணீரில் இறங்கியது. கொட்டகைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கனத்த பலகையைக் கொண்டுவரச் சொன்னாள் வஹீபா. இத்தனை நாளும் அதை ஏதோ பழைய கதவு என்று அவன் நினைத்திருந்தான். அடி நுனியில் ஈயம் வார்த்தது. கப்பி போட்டுத் தூக்கி, படகின் நடுவில் இருந்த பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறக்கி, ஆணியை மாட்டிப் பூட்டினார்கள். ஆணியை இழுத்துப் பார்க்கச் சொன்னாள், வரவில்லை.

"இதான் நீ தேடின கனம்" என்றாள். "பத்து தடவை சொன்னேன் உனக்கு. காதுல வாங்கினியா? இப்ப படகோட ஓரத்துல உக்காரு."

"நானா? நூறு கிலோ இருக்கேன்."

"அதுக்குத்தான். கவுத்துக் காட்டு."

லம்ஜெத் தயங்கித் தயங்கி விளிம்பில் உட்கார்ந்தான். படகு சாய்ந்தது, பாதியில் நின்றது. பின்னால் வளைந்து தொங்கினான். உட்காருமிடம் நனைந்ததே தவிரப் படகு கவிழவில்லை. ஒரு எத்து எத்தினான். படகு ஒரு முறை ஆடிவிட்டுத் தன் பாட்டுக்கு நிமிரப் பார்த்தது. டீக்கடையிலிருந்து கைதட்டல்.

"டேய் லம்ஜெத்து, தொட்டில் உன்னையே தாலாட்டுது பாருடா!"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஈரக் கால்சட்டையோடு துறைமேடையில் ஏறி, தங்கையின் பக்கம் இரண்டு கையையும் நீட்டினான். அப்புறம் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"தூக்கட்டுமா?"

வஹீபா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் கேட்டிருக்க" என்றாள். "வேண்டாம். கிரேன் இருக்கு. நீ கால மட்டும் பிடிச்சுக்க, எங்கயும் இடிக்காம."

கை கிரேன் அவளை மெதுவாகத் தூக்கிப் படகின் துணி இருக்கையில் இறக்கியது. லைஃப் ஜாக்கெட். மார்ப்பட்டையை மாட்டினாள். கையைத் தண்ணீரில் நனைத்து, ஈரக்கையால் ஒரே இழுப்பில் அவிழ்த்தாள், மாட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். மூன்று தடவை. காற்று கடலிலிருந்து கரைப் பக்கமாக இதமாக வீசிக்கொண்டிருந்தது. காவலுக்கு ரப்பர் படகு எஞ்சினை உறுமவிட்டுத் தயாராக நின்றது.

டீச்சர் தலையை ஆட்டினாள். "போ."

"அண்ணே, கயித்த விடு."

அவன் கையில்தான் கயிறு. பிடித்துக்கொண்டே நின்றான்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம். வயர்லெஸ்ல யாரும் சும்மா கூப்பிடாதீங்க." பிறகு கொஞ்சம் தணிந்து, "விடு அண்ணே" என்றாள்.

விட்டான். பாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து காற்றைப் பிடித்தது. படகு துறைமேடையை விட்டு விலகி, துறைவாயைத் தாண்டி, நீலத்துக்குள் போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

துறைமேடையில் காலி நாற்காலி நின்றது. லம்ஜெத் பழக்கத்தில் அதன் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். தள்ள அதில் ஆள் இல்லை. கால் கடுத்தது, கடைசியில் அதிலேயே உட்கார்ந்தான். டீச்சர் பைனாகுலரை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றா டீச்சர்?"

"ஒண்ணும் பண்ணல. பாயச் சின்னதாக்கிட்டு சும்மா உக்காந்திருக்கா."

"பயந்துட்டாளா?"

"முகத்தப் பாத்தா அப்படித் தெரியல." டீச்சர் பைனாகுலரைக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. தங்கை தனியாக இருப்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பதுகூடச் சரியில்லை என்று அவனுக்குத் தோன்றியது. இதுவரை தோன்றாத யோசனை.

வெயில் ஏறியது. கண் கூசியது. இமையை மூடி உட்கார்ந்திருந்தவனுக்கு, திடீரென்று உலகமே பின்பக்கமாக நகர்ந்தது. பதறிப்போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கத்தினான்.

"டீச்சர்! ஒரு வார்த்தை சொல்லிட்டு இழுக்கக் கூடாதா? தண்ணிக்குள்ள போறேனோன்னு உயிரே போச்சு!"

டீச்சர் நாற்காலியைக் கொட்டகை நிழலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"வெயில் அடிச்சுது" என்றாள். "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

தூரத்தில் பாய் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றது. லம்ஜெத் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, நாற்காலியின் பிரேக்கைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டான்.